ஆடித் தள்ளுபடியும் அடகு நகையும்

வீட்டுக் கணக்கு: வாசகர் கேள்வி பதில்

பாளையங்கோட்டையில் வங்கி நகைக்கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அக்கா பதில் சொல்கிறார்.

கேள்வி: அக்காவுக்கு வணக்கம். நாங்கள் பேட்டையில் குடியிருக்கிறோம். கணவர் கங்கைகொண்டான் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் இருக்கிறார், கைக்கு 24,000 வருகிறது. எனக்கு ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் 11,000. மாமியார் ஆபரேஷனுக்கு நகையை வைத்து வாங்கியது 1,60,000, கிரெடிட் கார்டில் 60,000, குழுக்கடன் பாக்கி 28,000, என் சித்தப்பாவிடம் கைமாற்று 40,000. கடன் முடிகிறவரை தேவையில்லாமல் எதுவும் வாங்கக் கூடாது என்று பொங்கல் சமயத்தில் இருவரும் உட்கார்ந்து முடிவு செய்தோம். முடிவு செய்ததோடு சரி. அவர் ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து, போனைப் பார்த்துக்கொண்டே எதையாவது ஆர்டர் போட்டுவிடுகிறார். போன மாதம் கார் கழுவுகிற பம்ப் வந்தது. எங்களிடம் இருப்பது பைக். நானும் யோக்கியம் இல்லை, வாட்ஸ்அப் குரூப்பில் சேலை பார்ப்பேன், மாதம் ஒன்று எப்படியோ வந்துவிடுகிறது. அவர் வாங்கினால் தேவை, நான் வாங்கினால் வெட்டிச் செலவு என்று தினமும் சண்டை. ஆடித் தள்ளுபடி வேறு வரப்போகிறது. கையை எப்படிக் கட்டிப்போடுவது?
பெயர் வேண்டாம், பேட்டை.

பதில்: தங்கச்சி, பம்ப் விஷயத்தைப் படித்ததும் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். என் வீட்டுக்காரருக்கு டார்ச் லைட் கிறுக்கு. எங்கள் தெருவில் கரண்ட் போனால் அக்கம்பக்கத்தில் எல்லாரும் எங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வருவார்கள். ஆகவே உங்கள் கணவரை எனக்கு ஓரளவு புரிகிறது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். மொத்தம் 2,88,000. இந்த நான்கில் பெரியது நகைக்கடன் என்பதால் உங்கள் இருவருக்கும் கவலை முழுக்க அதில்தான் இருக்கும். ஆனால் வீட்டை அரிப்பது அந்த 60,000. கிரெடிட் கார்டில் மாதம் மூன்றரை சதவீத வட்டி என்று வையுங்கள். வட்டி 2,100. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 378. ஆக 2,478. பில்லில் ‘குறைந்தபட்சம் கட்ட வேண்டியது’ என்று ஐந்து சதவீதம் போட்டிருப்பான், அது 3,000. நீங்கள் ஒழுங்காக 3,000 கட்டுகிறீர்கள் என்றால் கடனில் குறைவது 522 ரூபாய். நகைக்கடனுக்கு வருடம் பத்து சதவீதம் என்றே வைத்தாலும் மாதம் 1,333 தான் வட்டி. தொகை கார்டு பாக்கியைவிட இரண்டரை மடங்குக்கும் மேல், வட்டியோ ஏறக்குறைய பாதி.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது, பலருக்கு இது தெரியாது. கார்டில் முழுப் பாக்கியையும் கட்டுகிறவர்களுக்குத்தான் அந்த நாற்பது, ஐம்பது நாள் வட்டியில்லாச் சலுகை. பாக்கியை இழுத்துக்கொண்டு போகிறவர்களுக்குப் புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கின தேதியிலிருந்தே வட்டி ஓடும். அந்த பம்ப்புக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் சேலையா பம்ப்பா என்ற வழக்கைத் தள்ளி வைத்துவிட்டு, எது வாங்கினாலும் கார்டில் வாங்குவதில்லை என்ற ஒன்றை மட்டும் முதலில் இருவரும் ஒத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அதற்கப்புறம்.

இதற்கு மன உறுதியெல்லாம் தேவையில்லை. ரிசர்வ் வங்கி 2020இலேயே ஒரு வசதியைக் கட்டாயமாக்கியிருக்கிறது. உங்கள் வங்கி ஆப்பில் கார்டு பகுதிக்குப் போனால் ஆன்லைன் பரிவர்த்தனையை நிறுத்தி வைக்கலாம், கடையில் தேய்ப்பதற்கும் ஒரு வரம்பு போடலாம். கணவர் கையாலேயே நிறுத்தச் சொல்லுங்கள். திரும்பத் திறக்க இரண்டு நிமிடம் ஆகும் என்பது எனக்கும் தெரியும். ராத்திரி ஷிப்ட் முடிந்து கண் சொருகுகிற நேரத்தில் அந்த இரண்டு நிமிடமே பெரிய வேலை. அப்படியே ஷாப்பிங் ஆப்பில் சேமித்து வைத்திருக்கும் கார்டையும் அழித்துவிடுங்கள், அதன் மணி அடிக்கிற அறிவிப்புகளையும் அணைத்துவிடுங்கள்.

அடுத்தது ஜிபே, போன்பே. சம்பளம் வந்து விழுகிற கணக்கை அதிலிருந்து கழற்றிவிடுங்கள். வீட்டில் சும்மா கிடக்கும் இன்னொரு சேமிப்புக் கணக்கை அதில் சேர்த்து, வாராவாரம் மளிகை, காய்கறி, பெட்ரோலுக்கு ஆகிற தொகையை மட்டும் அதில் போடுங்கள். கை நீளுகிற இடத்தில் பணம் இல்லையென்றால் கையைக் கட்ட வேண்டியதில்லை.

இப்போது சண்டைக்கு வருவோம். நகைக்கடன் கவுண்டரில் இருந்த காலத்தில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். நகையை வைக்க வரும்போது கணவனும் மனைவியும் சேர்ந்து வருவார்கள். வட்டி கட்ட ஒருவர்தான் வருவார், பெரும்பாலும் மனைவி. அசல் எவ்வளவு நிற்கிறது, கெடு தேதி எப்போது என்பது மற்றவருக்குத் தெரியவே தெரியாது. உங்கள் வீட்டிலும் கார்டு பில் அவர் போனுக்கு வரும், குழுக்கடன் அட்டை உங்கள் பையில் இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அவருக்குத் தெரிந்தது அவர் கட்டுகிற பாரம், உங்களுக்குத் தெரிந்தது உங்கள் பாரம். அப்புறம் அடுத்தவர் வாங்குகிறது மட்டும்தான் கண்ணில் படும்.

நான்கு கடனையும் ஒரே தாளில் எழுதி பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். வெளியே ஒட்டினால் வருகிற சொந்தக்காரர் எல்லாம் படிப்பார். சம்பளம் வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேர்ந்து அதில் புதிய பாக்கியை எழுதுங்கள். பணம் பற்றிப் பேசுவதெல்லாம் அன்றைக்கு மட்டும். பார்சல்காரர் வாசலில் நிற்கும்போது ‘இது எதுக்கு?’ என்று நீங்களும் கேட்கக் கூடாது, அவரும் கேட்கக் கூடாது. அந்த நேரத்தில் கேட்கிற கேள்விக்கு இதுவரை எந்த வீட்டிலும் நேர்மையான பதில் வந்ததில்லை.

இருவர் சம்பளமும் சேர்ந்த 35,000இல் ஆளுக்கு 500 ரூபாய் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். யார் அதிகம் சம்பாதிக்கிறார் என்று பார்க்காமல் சமமாக. அவர் அதில் பம்ப்புக்கு மூடி வாங்கினாலும் நீங்கள் வாய் திறக்கக் கூடாது. நீங்கள் இரண்டு மாதம் சேர்த்துச் சேலை எடுத்தாலும் அவர் விலை கேட்கக் கூடாது. கடன் இருக்கிற வீட்டில் இது ஆடம்பரம் என்று சிலர் எனக்கு எழுதுவார்கள், எழுதட்டும். சம்பளம் பூராவும் கடனுக்குப் போகிற வீட்டில் புதிதாக உள்ளே வருவது அந்தப் பார்சல் ஒன்றுதான். அதையும் அடியோடு நிறுத்தினால் மூன்றாம் மாதம் ஒரேயடியாக வெடித்து, டிவி வாங்கிக்கொண்டு வந்து நிற்பார்கள். எங்கள் வீட்டில் வீட்டுக்கடன் ஓடிய காலத்தில் டார்ச் லைட்டுக்கு இந்த ஏற்பாடுதான் இருந்தது. டார்ச் குறையவில்லை, ஆனால் கடன் குறைந்தது.

500க்கு மேல் ஆகிற எதுவாக இருந்தாலும் பீரோத் தாளுக்குக் கீழே எழுதி வைத்துவிட்டு, அடுத்த சம்பள ஞாயிறு வரை நிறுத்துங்கள். தாளில்தான் எழுத வேண்டும். ஆப்பில் கூடையில் போட்டு வைக்கிறேன் என்றால் அது சும்மா இருக்காது, ‘உங்கள் பொருள் காத்திருக்கிறது’, ‘இன்னும் இரண்டுதான் மிச்சம்’ என்று அனுப்பிக்கொண்டே இருக்கும். இப்படிப் பொய் அவசரம் காட்டுவது, நாம் கேட்காத பொருளைக் கூடையில் நுழைத்துவிடுவது உள்பட 13 வகைத் தந்திரங்களை 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடை செய்திருக்கிறது. தடை இருக்கிறது, தந்திரமும் இருக்கிறது. ‘நோ காஸ்ட் இஎம்ஐ’ என்று வருவதும் கிட்டத்தட்ட அந்த ஜாதிதான். வட்டி இல்லாத தவணை என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013இலேயே சொல்லிவிட்டது. வட்டி விலைக்குள் இருக்கும், அல்லது உங்களுக்குக் கிடைத்திருக்க வேண்டிய தள்ளுபடியில் கழிந்திருக்கும். போதாததற்கு பிராசஸிங் கட்டணம்.

ஒரு மாதம் தாளில் கிடந்த பொருளில் பாதிக்கு மேல் நீங்களே அடித்துவிடுவீர்கள். அடிக்கிற அன்றைக்கே ஒரு வேலை செய்ய வேண்டும், இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். வாங்காமல் விட்ட பொருளின் விலை 899 என்றால் அந்த 899ஐ அப்போதே கார்டு கணக்கில் கட்டிவிடுங்கள். பில் தேதி வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை, எப்போது வேண்டுமானாலும் கட்டலாம். கட்டாமல் விட்டால் அந்தப் பணம் புரோட்டாவாகவும் சினிமா டிக்கெட்டாகவும் போய்விடும், சேலையும் இருக்காது, கடனும் குறையாது.

எதை முதலில் அடைப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கார்டு முதலில். குழுக்கடன் வாரத் தவணையைத் தவறாமல் கட்டிவாருங்கள், கார்டு முடிந்ததும் அதை முன்கூட்டியே முடித்துவிடலாம். ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி, குழுக்கடன் போன்ற நுண்கடனை முன்னதாகக் கட்டினால் அபராதம் கேட்கக் கூடாது. நகைக்கடனில் வருடம் முடியும்போது வட்டியைக் கட்டித் திருப்பி வைப்பதோடு நிற்காதீர்கள். 2,000, 3,000 என்று கையில் இருப்பதை நடுவிலேயே அசலில் கட்ட முடியும், போய்க் கேளுங்கள். அடுத்த முறை வைக்கும்போது வளையல் ஒரு சீட்டு, சங்கிலி ஒரு சீட்டு என்று பிரித்து வையுங்கள். ஒவ்வொன்றாக மீட்டு வீட்டுக்குக் கொண்டுவரலாம், மனசுக்கும் அது ஒரு தெம்பு. ‘தேர்தல் வரும், தள்ளுபடி வரும்’ என்று கூட்டுறவுச் சங்கத்தில் வைத்தவர்கள் சிலர் கட்டாமலே இருக்கிறார்கள். 2021இல் 5 பவுன் வரை தள்ளுபடி வந்தது உண்மை. அதற்கும் நிபந்தனைகள் வந்தன, கிடைக்காமல் போனவர்கள் ஏராளம். நீங்கள் வைத்திருப்பது எங்கே என்று எழுதவில்லை. எங்கே என்றாலும் அதை நம்பி இருக்காதீர்கள்.

சித்தப்பாவுக்கு வட்டி கிடையாது என்பதால் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும். மாதம் 1,000 ஆவது கையில் கொண்டுபோய்க் கொடுங்கள். இல்லையென்றால் அடுத்த கல்யாண வீட்டில் உங்கள் புதுச் சேலையை முதலில் பார்ப்பது சித்தியாகத்தான் இருக்கும்.

ஆடிக்கு வருகிறேன். ஆடியில் கல்யாணம் கிடையாது, ஜவுளிக்கடையில் வேலை இருக்காது, அதனால் சரக்கைத் தள்ளத் தள்ளுபடி. விலை குறைவு என்பது பல பொருட்களில் நிஜம்தான். தீபாவளிக்குப் பிள்ளைகளுக்கு எப்படியும் எடுக்கத்தான் வேண்டும் என்றால் ஆடியிலேயே எடுப்பது புத்திசாலித்தனம். யாருக்கு என்ன, எவ்வளவுக்குள் என்று எழுதிக்கொண்டு, அந்தப் பணத்தை மட்டும் நோட்டாக எடுத்துக்கொண்டு, போனை வீட்டிலேயே வைத்துவிட்டு டவுனுக்கு வாருங்கள். சாப்பிட்டுவிட்டு வாருங்கள். ‘சும்மா பார்த்துட்டு வருவோம்’ என்று ரத வீதிக்குள் நுழைந்தவர்கள் சும்மா வெளியே வந்ததை நான் பார்த்ததில்லை. திரும்பும்போது கால் கிலோ அல்வா வாங்கிக்கொள்ளுங்கள். அதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனசு வராது, நெல்லைக்காரிக்கு அது செலவுக் கணக்கில் சேராது.

பம்ப்பைத் திருப்பி அனுப்ப நாள் தாண்டிவிட்டதா என்று பாருங்கள். தாண்டியிருந்தால் கார் வைத்திருக்கிற யாருக்காவது பாதி விலைக்குக் கொடுத்துவிட்டு, அதையும் கார்டில் கட்டுங்கள்.

கேள்வி: மனைவிக்குத் தெரியாமல் செல்போன் ஆப்பில் 35,000 கடன் வாங்கியிருக்கிறேன். அதை அடைக்கப் பஜாரில் ஒருவரிடம் தினவட்டிக்கு 10,000 வாங்கினேன். சொன்னால் வீடு ரணகளம் ஆகிவிடும். அடைத்துவிட்டுச் சொல்லலாம் என்று இருக்கிறேன்.
ஒரு வாசகர், வள்ளியூர்.

பதில்: தம்பி, அடைத்துவிட்டுச் சொல்கிறேன் என்றவர்கள் அடைத்ததும் இல்லை, சொன்னதும் இல்லை. இன்றைக்கே சொல்லுங்கள். மொத்தத் தொகையை ஒரே தடவையில் சொல்லுங்கள். இன்று 35,000, அடுத்த வாரம் ‘இன்னொரு 10,000 இருக்கு’ என்று தவணை முறையில் சொன்னால்தான் ரணகளம் ஆகும். அப்புறம் இருவரும் உட்கார்ந்து உங்கள் கடன் அறிக்கையை எடுங்கள். சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனம் ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது 2017இலிருந்து விதி. வங்கி, ஆப் கடன்கள் பெரும்பாலும் அதில் வந்துவிடும். அதை மனைவி கையில் கொடுத்தால், ‘வேறு ஏதும் இருக்கா?’ என்று அவர் நூறு தடவை கேட்க வேண்டியிருக்காது.

தினவட்டியை எல்லாவற்றுக்கும் முன்னால் முடியுங்கள். ஒரு மோதிரத்தை வங்கியில் வைத்தாவது முடியுங்கள். அடகு வைக்காதே என்று சொல்கிற நானே இதைச் சொல்கிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். தினவட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி எல்லாம் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மிரட்டல் வந்தால் போலீஸில் புகார் கொடுங்கள், திங்கட்கிழமை கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் நாளிலும் மனு கொடுக்கலாம். அந்த அலுவலக வாசலில் 2017இல் கந்துவட்டி நெருக்கடியால் ஒரு குடும்பமே உயிரிழந்ததை நம் ஊரில் யாரும் மறக்கவில்லை. தனியாகத் தாங்கிக்கொண்டிருக்காதீர்கள்.

கேள்வி: நகைக்கடன் இருக்கிறது. இருந்தாலும் மாதம் 2,000 நகைச் சீட்டு கட்டிவருகிறேன். கணவர் நிறுத்தச் சொல்கிறார். தங்கம் சேர்ப்பது செலவா?
வாசகி, சங்கரன்கோவில்.

பதில்: செலவு இல்லைதான், ஆனால் வரிசை மாறியிருக்கிறது. கடைகளின் சீட்டு பெரும்பாலும் 11 மாதம், ஒரு வருடத்துக்கு மேல் போனால் அதை டெபாசிட் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும் என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள். முடிய ஒன்றிரண்டு மாதம்தான் இருக்கிறதென்றால் கட்டி முடித்துவிடுங்கள், நடுவில் விட்டால் போனஸ் போகும். புதிய சீட்டு வேண்டாம். அடகில் இருக்கிற சங்கிலியை மீட்பதும் நகை வாங்குவதுதானே? செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை, 3 சதவீத ஜிஎஸ்டியும் இல்லை. உங்கள் கழுத்துக்கு அளவெடுத்துச் செய்தது வேறு. இந்த ஒரு விஷயத்தில் உங்கள் கணவர் பக்கம்தான் நான்.

கேள்வி: எங்கள் தெருவுக்குத் தவணைக்காரர் ஒருவர் வருவார். பாத்திரம், போர்வை, நைட்டி எல்லாம் வாரம் 100 ரூபாய்தான். அக்கம்பக்கத்தில் எல்லாரும் வாங்கும்போது எனக்கு மட்டும் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. ஏற்கெனவே இரண்டு பொருளுக்குத் தவணை ஓடுகிறது.
வாசகி, முக்கூடல்.

பதில்: வாரம் 100 என்பதை எத்தனை வாரம் என்று பெருக்கி, அதே குக்கர் பஜாரில் ரொக்கத்துக்கு என்ன விலை என்று ஒருமுறை விசாரித்துவிட்டு வாருங்கள், பாதி ஆசை வடிந்துவிடும். அவரையும் குறை சொல்ல மாட்டேன். வெயிலில் மூட்டையைச் சுமந்து, வாராவாரம் நடந்து வசூல் செய்கிறவர், அந்தக் கூலியும் விலையில்தான் இருக்கும். ஓடுகிற இரண்டையும் ஒழுங்காகக் கட்டி முடியுங்கள்.

வாய் வரவில்லை என்றால் ஒரு வழி இருக்கிறது. கணவரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டு, ‘அவுககிட்ட கேட்டுச் சொல்லுதேன் அண்ணாச்சி’ என்று சொல்லிவிடுங்கள். அவரும் டீக்கடையில் யாராவது சீட்டுச் சேரக் கூப்பிட்டால் ‘வீட்ல கேட்டுச் சொல்லுதேன்’ என்று சொல்லிக்கொள்ளட்டும். இரண்டு பேரும் அப்புறம் கேட்டுக்கொள்ளவே வேண்டாம்.